இரண்டு மழைக்கு நடுவே கேதாரம்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு. ரயிலில்

நாக்பூர் தாண்டிவிட்டது. அப்பா கீழ்ப் படுக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே ஓடும் வயல்களைப் பார்த்துக்கொண்டே வருகிறார். அவர் வாயிலிருந்து வரும் ஒரே கேள்வி, "இங்க என்ன போட்டிருக்கானுவ?" என்பதுதான். நேற்று இரவு சென்னையில் ஏறினோம். நாளை காலை டெல்லி. அங்கிருந்து ஹரித்துவார், அப்புறம் கேதார்நாத்.

இது எங்களுக்கு இரண்டாவது முயற்சி. 2022-இல் ஜூன் கடைசியில் போனோம். மே மாதத்துக்கு முயன்றபோது யாத்திரைப் பதிவில் எல்லா நாளும் நிரம்பியிருந்தது, ஜூன் கடைசியில்தான் இடம் கிடைத்தது. கிடைத்ததே என்று கிளம்பிவிட்டோம். ஏன் அந்த வாரத்தில் மட்டும் இடம் இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. சோன்பிரயாக் வரை போய், மழையால் மேலே விடாமல், இரண்டு நாள் ஈரத் துணியோடு ஓர் அறையில் காத்திருந்து திரும்பினோம். மலை என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு மேகம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகுதான், "தப்பு சாமி மேல இல்ல. பட்டம் தவறி விதைச்சோம்" என்றார்.

ஆகவே இந்த முறை முதலில் பட்டத்தை, அதாவது பருவத்தைப் பார்த்தோம், டிக்கெட்டை அப்புறம்தான் பார்த்தோம். போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேதார்நாத் கோயில் சுமார் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் ஆறு மாதம்தான் நடை திறந்திருக்கும். சித்திரை அல்லது வைகாசி வாக்கில் திறந்து, தீபாவளி முடிந்து வரும் பாய் தூஜ் அன்று சாத்துவார்கள். இந்த வருடம் மே 10-ஆம் தேதி திறந்தார்கள், நவம்பர் 3-ஆம் தேதி சாத்துகிறார்கள். இந்த ஆறு மாதத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் நாங்கள் செய்த பிழை.

நடை திறந்த முதல் மூன்று, நான்கு வாரம் ஊரே திரண்டு வரும். வட இந்தியாவில் பள்ளி விடுமுறை வேறு. 2023-இல் மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள் என்றால், அதில் பெரும்பகுதி மே, ஜூன் மாதங்களில்தான். கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு நடந்து ஏறும் பாதையின் மேல்பகுதியில் அப்போது பனிச் சுவர்களை வெட்டி வழி விட்டிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் கோவேறு கழுதைகளும் மனிதர்களும் அந்த இடுக்கில் ஒன்றாக நகர வேண்டும். அறைக்கும் வரிசைக்கும் அல்லாடும் காலம் அது. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போக எனக்குத் துணிவு வரவில்லை.

ஜூன் பாதிக்கு மேல் பருவமழை. அந்தப் பக்கம் மழை தொடங்குவது பெரும்பாலும் ஜூன் 20 வாக்கில்தான். ஆனால் மேலே பனி இன்னும் உருகி முடிந்திருக்காது. உருகும் பனியும் பெய்யும் மழையும் ஒரே நேரத்தில் ஒரே ஓடையில் இறங்கும். 2013 ஜூன் 16, 17-ஆம் தேதிகளில் நடந்தது அதுதான். மழை வழக்கத்தைவிட முன்பே வந்து கொட்டியது, கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினி ஆற்றில் இறங்கியது, ராம்பாடா என்ற ஊரே இல்லாமல் போனது. அந்த மாதத்தின் பின்பாதியில்தான் நான் அப்பாவைக் கூட்டிப் போயிருக்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். இந்த வருடம் ஜூலை 31 இரவு பெய்த மழையில் பீம்பலி, லிஞ்சோலி பக்கம் நடைபாதை பல இடங்களில் அறுந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களை மீட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். இந்த மாதத் தொடக்கத்தில்கூட சோன்பிரயாகுக்கும் கௌரிகுண்டுக்கும் நடுவே மண் சரிந்து யாத்ரீகர்கள் இறந்தார்கள். செப்டம்பர் என்றாலே மழை விட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மிஞ்சுவது செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. நம் கணக்கில் புரட்டாசி. மழை கழுவிய வானம், கரைந்து முடிந்த பனி, குறைந்த கூட்டம். தீபாவளிக்குப் பக்கத்தில் போனால் வானம் இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் ராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், கடைகளும் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிக்கும்.

இதெல்லாம் மலையின் பட்டம். எங்கள் பட்டம் என்று ஒன்று இருக்கிறதே! மேட்டூர் இந்த வருடம் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அதனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் நிலத்தில் சம்பா நடவு முடிந்தே ஒன்பது நாள்தான் ஆகிறது. களை எடுக்க வேண்டும், மேலுரம் போட வேண்டும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வடிகால் பார்க்க வேண்டும். அப்பா சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் வைத்தார். "அங்க மழை விட்டு, இங்க மழை பிடிக்கறதுக்கு நடுவுல இருவது நாள் இருக்கு. அதுல பத்து நாள் எனக்குப் போதும்."

அப்படி விழுந்ததுதான் இந்தத் தேதி. அம்மா கொலு வைக்க வேண்டும் என்று வரவில்லை. வயலைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.

செப்டம்பர் 30, திங்கள். ஹரித்துவார்

பேருந்தில் ஆறு மணி நேரம். எழுத அதிகம் இல்லை. மாலை ஹர் கீ பௌடி படித்துறையில் கங்கை ஆரத்தி பார்த்தோம். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. தசராவுக்கு அப்புறம் வருபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கால்வாய் பராமரிப்புக்காக ஒவ்வொரு வருடமும் தசராவிலிருந்து தீபாவளி வரை இங்கே தண்ணீரை அடைத்துவிடுவார்கள். படித்துறையில் முழுகிவிட்டு மலை ஏறலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

யாத்திரைப் பதிவு கிளம்புவதற்கு முன்பே செல்பேசியில் முடித்துவிட்டேன். இந்த முறை நாள் தேர்வதில் சிரமம் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய். தேவப்பிரயாகை

மதியத்துக்குள் வந்துவிட்டோம். நாளை மகாளய அமாவாசை. அப்பாவுக்கு அதை இங்கே செய்ய வேண்டும். பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்கும் இடம் இது. மேலே ரகுநாதர் கோயில். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் திருக்கண்டம் என்னும் கடிநகர் இதுதான். பெரியாழ்வார் பாடிய ஊர். படியேறிக் கோயிலுக்குப் போய் வந்ததில் அப்பாவுக்கு மூச்சு வாங்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் தயாரானோம். அப்பாவுக்கு 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் மருத்துவரிடம் போய் இதயப் பரிசோதனை செய்தோம். அவர் போகலாம் என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். அப்பா காலையில் வரப்பில் நடப்பவர்தான். ஆனால் சமதள நடை வேறு, ஏற்றம் வேறு. வாரம் ஒருமுறை திருச்சிக்குப் போய் மலைக்கோட்டைப் படிகளை ஏறி இறங்கினார். முதல் வாரம் மூன்று இடத்தில் உட்கார்ந்தவர், கடைசி வாரம் உச்சிப் பிள்ளையார் முன்னால் போய்த்தான் உட்கார்ந்தார்.

அக்டோபர் 2, புதன். குப்தகாசி

விடியற்காலை சங்கமத்தில் இறங்கினோம். படித்துறையில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும், அவ்வளவு இழுப்பு. ஒரு பக்கம் பச்சை நீர், ஒரு பக்கம் சாம்பல் நீர். கொஞ்ச தூரம் வரை இரண்டும் தனித்தனியாகவே ஓடுகின்றன. அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தாத்தா பெயர், பாட்டி பெயர், அதற்கும் மேலே எனக்குத் தெரியாத பெயர்கள். கடைசியில் அவருடைய சிறு வயதில் வீட்டில் இருந்த பண்ணையாள் ஒருவரின் பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டார். இவரைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு வண்டி. ஸ்ரீநகர் தாண்டி சிரோபகட் என்ற இடம் வந்தபோது எனக்கு வயிறு இறுகியது. பல வருடங்களாகச் சரிந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவு அது. 2022-இல் போகும்போது இங்கேதான் ஐந்து மணி நேரம் நின்றோம். மேலிருந்து கல் உருள, புல்டோசர் ஒதுங்கி நின்றது. இன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புழுதி பறந்ததே தவிர ஒரு கல் அசையவில்லை. மூன்றே நிமிடத்தில் கடந்துவிட்டோம். மழைக்காலத்தில் கேதார்நாத் வேண்டாம் என்று நான் சொல்வது நடைபாதையை மட்டும் நினைத்து இல்லை. ரிஷிகேசத்திலிருந்து கௌரிகுண்டு வரைக்குமான இருநூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையும் சேர்ந்ததுதான் யாத்திரை. நடக்கத் தொடங்கும் முன்பே மழை ஒருவரின் நாட்களைத் தின்றுவிடும்.

ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவை விட்டு மந்தாகினியோடு திரும்பினோம். வழியில் அகஸ்தியமுனி என்ற ஊர். அகத்தியருக்குக் கோயிலே இருக்கிறது. தெற்கே போன முனிவர் புறப்பட்ட பக்கம் இது என்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஓட்டுநர் தம்பிக்கு அது சொந்த ஊர். எங்கள் ஊரில் அகத்தியர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது, பொதிகையில் இருக்கிறார் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். "அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தான்" என்றார்.

மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள், அதில் இரத்தச் சிவப்பில் ஏதோ பயிர். கூரைகளில் அதையே பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். ராம்தானா, நம் தண்டுக்கீரை இனம்தான், விதைக்காக வளர்க்கிறார்கள். பக்கத்து வயலில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். கேழ்வரகு! இவர்கள் மண்டுவா என்கிறார்கள். கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிறது. அப்பா ஒரு கதிரைக் கசக்கி ஊதி வாயில் போட்டுப் பார்த்தார். "அறுப்பு நேரத்துல வந்திருக்கோம். இதுக்கு மேல நல்ல நாள் எதுக்கு?" என்றார்.

குப்தகாசி வந்து அறையில் பையை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வடக்கே வெள்ளையாக ஒரு சுவர், நான்கு முகடுகளோடு. சௌகம்பா, 7,138 மீட்டர். 2022-இல் இதே ஊரில் ஒரு ராத்திரி தங்கினோம். இப்படி ஒன்று எதிரே நின்றுகொண்டிருந்தது அன்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அக்டோபர் 3, வியாழன். ஊகிமடம்

இன்று ஏறவில்லை, வேண்டுமென்றே நிறுத்திய நாள். மன்னார்குடி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். அங்கிருந்து வந்த உடம்பை ஒரே நாளில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஏற்றக் கூடாது. கேதாரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பருவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நல்ல பருவம் என்று நம்பி வேகமாக ஏறுபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று இங்கே விடுதிக்காரர் சொன்னார்.

எதிர் மலையில் இருக்கும் ஊகிமடம் போனோம். ஓங்காரேஸ்வரர் கோயில். பனிக்காலத்தில் கேதாரநாதரின் உற்சவமூர்த்தி பல்லக்கில் இங்கே இறங்கி வந்துவிடுவார். ஆறு மாதம் பூஜை இங்கேதான். மேலே அந்த ஆறு மாதமும் தேவர்கள் பூஜை செய்வதாக நம்பிக்கை. நடை என்றைக்குத் திறப்பது என்று மகாசிவராத்திரி அன்று இங்கே வைத்துத்தான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறார்கள். சாத்தும் நாளுக்குக் கணக்கு வேண்டாம், எப்போதும் பாய் தூஜ்தான்.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சாமியே பருவம் பார்த்து ஏறி இறங்குகிறார். நாம் மட்டும் விடுமுறை கிடைத்த நாளில் போய் நிற்கிறோம்.

எல்லா மலை யாத்திரைக்கும் இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடையாது. அமர்நாத் என்றால் ஜூன் கடைசி, ஜூலையில் தொடங்கி ஆவணி அவிட்டப் பௌர்ணமியோடு முடிந்துவிடும், மழைக்காலத்தில்தான் போயாக வேண்டும். இமாச்சலத்து மணிமகேஷ் ஆகஸ்ட், செப்டம்பரில். நேபாளத்து முக்திநாத் மலைகளுக்கு அந்தப் பக்கம் மழை மறைவில் இருப்பதால் அங்கே கணக்கே வேறு. கேதாரத்தில் ஆறு மாதம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் எல்லோரும் ஒரே மாதத்தில் நெருக்குகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அம்மா கொலுப் படம் அனுப்பியிருக்கிறார். அப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "செட்டியார் பொம்மைய இந்த வருஷமும் மறந்துட்டா" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி. லிஞ்சோலி

காலை நாலரைக்கு சோன்பிரயாகில் வரிசை. பதிவைச் சரிபார்த்து விடுகிறார்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஜீப்பில் கௌரிகுண்டு. ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினோம்.

பழைய பாதை பதினான்கு கிலோமீட்டர். 2013-க்குப் பிறகு ராம்பாடாவில் பாலம் கடந்து எதிர்க்கரையில் ஏறும்படி போட்டதில் பதினாறு ஆகிவிட்டது, அதுவும் பாலத்துக்கு அப்புறம் ஏற்றம் செங்குத்து. ஒரே நாளில் ஏறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் பதினோராவது கிலோமீட்டரில் லிஞ்சோலியில் படுத்து நாளை ஏறுவதாக முதலிலேயே முடிவு செய்திருந்தோம்.

முதல் நான்கு கிலோமீட்டர் காட்டுக்குள், மரநிழலில். ஜங்கிள் சட்டி என்ற இடத்தில் டீயும் ஒரு பராத்தாவும். கோவேறு கழுதைகள் தொடர்ந்து வருகின்றன. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கழுதை வரும்போது மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தாக்குப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். அதன் முதுகில் இரண்டு பக்கமும் சுமை இருக்கும், லேசாக இடித்தாலே போதும். மழைக்காலத்தில் இந்தப் பாதை முழுக்கச் சாணமும் சேறும் கலந்து வழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று காய்ந்த கல். அப்பாவின் தடி ஒருமுறைகூட வழுக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே புரட்டாசியைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் வீட்டில் முழங்காலுக்காகத்தான் பருவம் பார்க்க வேண்டியிருந்தது.

பீம்பலி தாண்டியதும் ஜூலை மழையின் தடங்கள். பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. மேலே புதிதாக வெட்டி, கம்பி வலைக்குள் கல் அடுக்கித் தாங்கியிருக்கிறார்கள். சில இடங்களில் ஓர் ஆளும் ஒரு கழுதையும் போகும் அகலம்தான். ஊதல் வைத்துக்கொண்டு ஒருவர் நின்று, இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் விடுகிறார். வேலையாட்கள் இன்னும் கல் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் இவ்வளவு செய்த கைகளைப் பார்த்து அப்பா கும்பிட்டார். அதில் ஒருவர், வெயிலில் கறுத்த முகம், பதிலுக்கு "ஜெய் கேதார்" என்றார்.

ராம்பாடாவில் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றோம். இங்கே ஓர் ஊர் இருந்தது, விடுதிகள், கடைகள், சமையல் புகை. இப்போது பாறைகளும் நடுவே ஓடும் தண்ணீரும்தான். மந்தாகினி இன்று இவ்வளவு தெளிவாக, கீழே கூழாங்கல் தெரிய ஓடுகிறது. அதைப் பார்க்கும்போது பயமாகத்தான் இருந்தது.

பாலத்துக்கு அப்புறம் நூறு அடிக்கு ஒருமுறை நின்றோம். ஒரு மணிக்கு வெயில் மறைந்துவிட்டது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த வானம், பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மேகத்தில் மூடிக்கொண்டது. அக்டோபரிலும் மதியத்துக்கு மேல் இப்படித்தான். பகலும் ஜூனைவிடச் சிறியது, ஆறு மணிக்கு இருட்டிவிடும். இந்தப் பருவத்தின் குறை இது ஒன்றுதான், அதிகாலையில் கிளம்பினால் சரியாகிவிடும். மூன்றரைக்கு லிஞ்சோலி. கூடாரத்தில் இரண்டு கனமான ரஜாய்ப் போர்வை.

அப்பாவுக்குத் தலைவலி. லேசாகத்தான் என்கிறார். வாந்தி இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. வெந்நீர் நிறையக் குடிக்க வைத்தேன், பூண்டு போட்ட சூப் கொடுத்தார்கள். காலையில் தலைவலி நிற்காவிட்டால் இங்கிருந்தே இறங்குவோம் என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "சரி, அம்மாடி" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்பவர் இல்லை. இதை எழுதும்போது அவர் தூங்கிவிட்டார். மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 5, சனி. கேதார்நாத்

ஐந்து மணிக்கு எழுந்தவர் முதலில் சொன்னது, "தலவலி போயிடுச்சு." இரண்டாவது, "பசிக்குது." பசி நல்ல அடையாளம். கிளம்பினோம்.

வெளியே புல் முழுக்க உறைபனி. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய கண்ணாடி போல ஓர் ஏடு. அப்பா அதை விரலால் உடைத்துக் கையில் எடுத்து, கரையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மார்கழியில் நம் வயலில் பனி விழும், ஆனால் அது கையில் எடுக்கிற பனி இல்லை.

மரங்கள் முடிந்துவிட்டன. புல்வெளிகள் பழுப்பும் பொன்னுமாக மாறியிருக்கின்றன, முதிர்ந்த நெல்லின் நிறம். ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் இதற்கு மேல் உயரத்தில் பிரம்மகமலம் பூத்திருக்கும், கேதாரநாதருக்கு அதைச் சாத்துவார்கள். மலருக்காக மழைக்காலக் கடைசியில் வருபவர்கள் உண்டு. நாங்கள் பூவை விட்டுக்கொடுத்து வானத்தை வாங்கிக்கொண்டோம்.

ஒன்பதரைக்கு ஒரு திருப்பம். கோயில் தெரிந்தது, பின்னால் 6,940 மீட்டர் கேதார சிகரம், மேகமே இல்லாமல், அவ்வளவு கிட்டத்தில். அப்பா தடியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. "ஒண்ணுமில்ல. உக்காந்து பாக்கணும்போல இருந்துச்சு" என்றார். கால் மணி நேரம் உட்கார்ந்தே பார்த்தார்.

சம்பந்தரும் சுந்தரரும் இந்தக் கேதாரத்தைப் பாடியிருக்கிறார்கள். சம்பந்தர் இங்கே வரவில்லை. காளத்தியில் நின்றபடியே வடக்கு நோக்கிப் பாடினார் என்பார்கள். அப்பா தேவாரம் படித்தவர் இல்லை. ஆனாலும் அவருக்கு இது தெரிந்திருந்தது. "அவரு அங்கேருந்தே பாத்துட்டாரு. நமக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கு."

இன்று சனிக்கிழமை. டெல்லி, டேராடூனிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம். மே மாதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அமாவாசையைத் தேவப்பிரயாகையில் வைத்துக்கொண்டதால் ஏற்றம் வாரக்கடைசியில் விழுந்துவிட்டது. உங்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லையென்றால் திங்கள் முதல் வியாழனுக்குள் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பருவம் பார்ப்பதில் கிழமைக்கும் பங்கு உண்டு.

இன்று மண்டபத்திலிருந்து பார்த்ததோடு சரி. நாளை விடியலில் மறுபடி போகிறோம். கோயிலுக்குப் பின்னால் பீம்சிலா. 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து கோயிலுக்கு நேர் பின்னே நின்று, தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிட்ட பாறை. அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஆதிசங்கரர் சிலைக்கும் போய் வந்தோம்.

இரவு எட்டு மணி. மூன்றாம் பிறை எப்போதோ மலைக்குப் பின்னால் போய்விட்டது. எல்லாத் துணியையும் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே நின்றோம். பால்வீதி கோயிலின் உச்சிக்கு மேலே ஒரு புகைக் கோடு மாதிரி கிடக்கிறது. சின்ன வயதில் களத்துமேட்டில் நெல் காவலுக்குப் படுத்தபோது இப்படிப் பார்த்ததாக அப்பா சொன்னார். தெருவிளக்கு வந்த பிறகு பார்க்கவில்லையாம். அமாவாசையை ஒட்டி வந்தால் இது கிடைக்கும். பௌர்ணமிக்கு வந்தால் பனிமலை நிலாவில் ஒளிரும் என்கிறார்கள். நான் இனி அமாவாசைப் பக்கம்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு. சோன்பிரயாக்

நான்கு மணிக்கு வரிசையில் நின்றோம். கூட்டம் குறைவாக இருந்ததால் கருவறைக்குள் விட்டார்கள். நடுவே முக்கோண வடிவில் ஒரு பாறை. எருதாக மாறி மண்ணுக்குள் மறைந்த சிவனின் திமில் என்று பாண்டவர் கதை. நாமே கையால் நெய் தடவலாம். அப்பா இரண்டு கையிலும் நெய் எடுத்துக்கொண்டு குனிந்தார். நிமிரவில்லை. நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரும் தள்ளவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அரை நிமிடம் இருக்கலாம். மே மாதத்தில் அந்த அரை நிமிடத்துக்கு வழியே இருந்திருக்காது.

நானும் தொட்டேன். பாறை குளிர்ந்திருந்தது, நெய் உறைந்து வழவழப்பாக இருந்தது. வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

ஆறரைக்கு இறங்க ஆரம்பித்தோம். இறக்கம்தான் முழங்காலுக்குச் சோதனை. இரண்டு தடி இருந்தால் நல்லது. எதிரே ஏறி வருபவர்களில் தமிழ்க் குரல்கள் கேட்டன. காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம், ஒரு ஆச்சி டோலியில். "மேல மழையா?" என்று கேட்டார். "இல்லீங்க ஆச்சி, வானம் பளிச்சுன்னு இருக்கு. மதியத்துக்குள்ள போயிடுங்க" என்றேன். அப்பா, "நல்ல பட்டத்துல வந்திருக்கீங்க" என்றார்.

நான்கு மணிக்கு கௌரிகுண்டு. ஜீப்பில் சோன்பிரயாக் வந்ததும் செல்பேசியில் சிக்னல் நிலைத்தது. சித்தப்பாவிடமிருந்து ஆறு அழைப்புகள். அப்பா திரும்பக் கூப்பிட்டார். தரிசனம் நல்லபடியாக ஆச்சா என்றெல்லாம் விசாரிப்பு. அப்புறம் குரல் மாறியது. ரெண்டு நாளாகச் சாயங்காலம் தெற்கே மேகம் கூடுகிறதாம். பயிர் பச்சை பிடித்துவிட்டது, யூரியா போட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்.

அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "போடாத. பேஞ்சா கரைஞ்சு வாய்க்கால்லதான் போவும். தண்ணிய மட்டும் வடிச்சு வை. வியாழக்கெழம நான் வந்துடறேன்" என்றார்.